உங்களுக்குத் தெரியுமா? எட்டடி ஷெட்டுக்குள் எட்டாத அதிசயங்கள்!

தன் முதல் காரை வெளியே எடுக்க ஹென்றி ஃபோர்டு கையில் என்ன எடுத்தார், தெரியுமா? கோடரி! 1896, ஜூன் 4. டெட்ராய்ட் நகரம், பேக்லி அவென்யூ. வீட்டுக்குப் பின்னால் இருந்த செங்கல் கொட்டகையில் இரவு இரவாக உழைத்து வண்டியை முடித்துவிட்டார். வெளியே தள்ளப் போனால் வண்டி அகலம், வாசல் குறுகல்! சுவரை இடித்த பிறகுதான் கார் தெருவைப் பார்த்தது. ஃபோர்டே அளவெடுக்க மறந்திருக்கிறார், நாமெல்லாம் எம்மாத்திரம்!

உங்கள் கார் உண்மையில் எவ்வளவு அகலம்? ஷோரூம் புத்தகத்தைப் புரட்டாதீர்கள். அதில் போடும் அகலத்தில் பெரும்பாலும் சைடு மிரர் சேராது! டேப்பை எடுத்து மிரர் நுனியிலிருந்து மிரர் நுனிவரை நீங்களே அளந்து பாருங்கள். மயக்கம் வரும்!

ஐரோப்பாவில் புதுக் கார்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் அகலமாகிக்கொண்டே போகின்றன! 2018-இல் சராசரி 177.8 செ.மீ. 2023-இன் முதல் பாதியில் 180.3 செ.மீ.!

1974-இல் வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 161 செ.மீ. அகலம். இப்போதைய கோல்ஃப்? 179! பெயர் அதே பெயர், இடுப்பு மட்டும் 18 செ.மீ. கூடிவிட்டது!

'கப்பல் மாதிரி வண்டி' என்று தாத்தா மெச்சிக்கொண்ட அம்பாசிடர் ஞாபகம் இருக்கிறதா? நீளத்தில் இன்றைய கிரெட்டாவும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்று. அகலத்தில் கிரெட்டா பத்து சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல்! தாத்தா கட்டிய ஷெட்டு மட்டும் அப்படியே நிற்கிறது. இடிக்காமல் என்ன செய்யும்!

இப்போது ஒரு கணக்கு. எட்டடி ஷெட்டு என்றால் 244 செ.மீ. மாருதி ஆல்டோ 800-ஐ விட்டால் மிச்சம் 95 செ.மீ. கிரெட்டாவை விட்டால் 65 செ.மீ. நட்டநடுவில் நிறுத்தினீர்களோ, பக்கத்துக்கு முப்பத்திரண்டரைதான்! கதவு திறக்கும், ஆள் இறங்க முடியாது. இடது சுவரோடு 10 செ.மீ. மட்டும் விட்டு ஒட்டி நிறுத்துங்கள். டிரைவர் பக்கம் 55 செ.மீ. கிடைக்கும்! கார் அதே கார், சுவர் அதே சுவர். நடுவில் நிறுத்துவதுதான் உலகமகா தப்பு!

அதற்கு முன், உள்ளே இருப்பவர்களை வாசலிலேயே இறக்கிவிடுங்கள். இடது பக்கக் கதவு அப்புறம் திறக்காது!

டிரைவர் பக்கம் தூண் வந்து மறிக்கிறதா? தூணை நகர்த்த வேண்டாம், காரைத் திருப்புங்கள்! மூக்கை முன்னே விட்டு நுழைந்தால் டிரைவர் கதவு ஒரு சுவர்ப் பக்கம். ரிவர்ஸில் நுழைந்தால் எதிர்ச் சுவர்ப் பக்கம்! மாடிப்படி எந்தப் பக்கம், ஸ்விட்ச் போர்டு எந்தப் பக்கம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு பைசா செலவில்லை!

காரின் பின் சக்கரம் முன் சக்கரம் போன வழியில் போகவே போகாது! உள்பக்கமாகக் குறுக்கே வெட்டித்தான் வரும். ஆல்டோ 800-ஐ முழுதாக ஒடித்துத் திருப்பினால் வித்தியாசம் எவ்வளவு? 60 சென்டிமீட்டருக்கு மேல்! முன் பம்பர் கேட்டைத் தாண்டிவிட்டது என்று நீங்கள் பெருமூச்சு விடும்போதுதான் பின் கதவு தூணில் கோடு போடும்!

அதனால்தான் குறுகலான தெருவில் பழம் தின்று கொட்டை போட்ட டிரைவர்கள் எல்லோரும் ரிவர்ஸில் உள்ளே விடுகிறார்கள். திரும்பாத சக்கரம் முதலில் வாசலுக்குள் போய்விடும். திரும்பும் சக்கரத்துக்குத் தெரு முழுக்க இடம்!

எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லையா? அமெரிக்காக்காரர்கள் கராஜ் கூரையில் நூல் கட்டி ஒரு டென்னிஸ் பந்தைத் தொங்கவிடுகிறார்கள். கண்ணாடியில் பந்து தொட்டதும் பிரேக்! சென்சாரின் செலவே இல்லாத அண்ணன் இது! பின் சுவரில் காரின் நடுப்பகுதிக்கு நேராக ஒரு மஞ்சள் கோடு போட்டுவிட்டால் இன்னும் சுலபம். கதவு மோதும் இடத்தில் பழைய டயரை வெட்டி ஆணி அடித்துவிடுங்கள். பெயின்ட் பிழைக்கும்!

சென்சார் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் பின்பக்க பார்க்கிங் சென்சார் கட்டாயம்!

ரிவர்ஸ் கேமரா புதுசு என்றா நினைத்தீர்கள்? 1956-லேயே ப்யூக் சென்சூரியன் என்ற கண்காட்சிக் காரில் பின்னால் டிவி கேமரா, முன்னால் டிவி திரை! பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியே கிடையாது!

பட்டனைத் தட்டினால் மடங்கும் சைடு மிரர் எங்கே பிறந்தது? இடநெருக்கடி எங்கேயோ அங்கேதான்! ஜப்பான், 1984, நிசான் லாரல்!

அந்த ஜப்பானில் கார் வாங்கப் பணம் மட்டும் போதாது! நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் சான்றிதழ் தர வேண்டும்! 1962-இல் வந்த சட்டம். இடத்தின் வரைபடம் வரைந்து கொடுக்க வேண்டும். அந்த இடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நம் ஊரில் இந்தச் சட்டம் வந்தால் எத்தனை தெருக்கள் காலியாகும், நினைத்துப் பாருங்கள்!

அங்கே மஞ்சள் நம்பர் பிளேட்டோடு ஓடும் குட்டி 'கெய்' கார்களுக்கு அளவு சட்டத்திலேயே இருக்கிறது. நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், எஞ்சின் 660 சி.சி. ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் 'கெய்' இல்லை! ஜப்பானில் விற்கும் புது வண்டிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்தக் குட்டிகள்தான்! நம் மாருதி 800-இன் பூர்வீகமும் இந்தக் கெய் குடும்பம்தான்!

நம் ஊர்க் கார்கள் பலவும் 4 மீட்டருக்குள் அடங்கி நிற்பது ஏன்? உங்கள் ஷெட்டின் மேல் இரக்கப்பட்டு அல்ல, வரிக்காக! 2006 மத்திய பட்ஜெட்டில் 4 மீட்டருக்குட்பட்ட சின்ன எஞ்சின் கார்களுக்கு வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆனது. டாடா என்ன செய்தது? இண்டிகோவின் டிக்கியை நறுக்கியது! 2008-இல் வந்த இண்டிகோ சி.எஸ். நீளம் 3,988 மி.மீ. எல்லைக்கு 12 மில்லிமீட்டர்தான் மிச்சம்!

லண்டன் கறுப்பு டாக்சி மிகக் குறுகிய வட்டத்துக்குள் முழுதாகத் திரும்புவதற்குப் பெயர் போனது.  அதைவிடச் சின்ன ஆல்டோ 800-க்கே 9.2 மீட்டர் வட்டம் வேண்டும்! டாடா நானோவுக்கு? 8!

இழுக்கும் கதவுதான் குறுகலுக்கு மருந்து. 1984-இல் வந்த மாருதி வேன், பிறகு ஆம்னி, 1.41 மீட்டர்தான் அகலம்! சுவரோரம் நிறுத்தினாலும் பின் கதவு சர்ரென்று திறக்கும். தமிழ் சினிமா வில்லன்களுக்கு இது நம்மைவிட முன்னாலேயே தெரியும்!

பிஎம்டபிள்யூ இசட் 1 காரின் கதவு பக்கவாட்டில் திறக்கவே திறக்காது. கீழே இறங்கி வண்டிக்குள் மறைந்துகொள்ளும்! செய்தது மொத்தம் 8,000!

உள்ளே உட்காராமலேயே பார்க் செய்யலாம் என்றால்? 2015-இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் செய்து காட்டியது. வெளியே நின்று சாவியை அழுத்தினால் கார் தானே ஷெட்டுக்குள் போகும்! 2016-இல் டெஸ்லா ஒரு படி மேலே போனது. கராஜ் கதவைத் திறந்து, உள்ளே போய், தானே அணைந்துகொண்டது!

2023-இல் லாஸ் வேகஸ் கண்காட்சியில் ஹூண்டாய் மோபிஸ் காட்டிய ஐயோனிக் 5-இல் நான்கு சக்கரமும் 90 டிகிரி திரும்பும். கார் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும்!

இது புது யோசனை என்கிறீர்களா? கிடையாது! கலிஃபோர்னியாவின் ப்ரூக்ஸ் வாக்கர் 1950-களிலேயே பேக்கார்டு காரின் டிக்கியில் ஐந்தாவது சக்கரத்தைக் குறுக்கே பொருத்திவிட்டார். ஸ்டெப்னி கீழே இறங்கும், காரின் பின்பக்கத்தைத் தூக்கும், அப்படியே பக்கவாட்டில் தள்ளிவிடும்! எந்தக் கம்பெனியும் வாங்கவில்லை. என்னைக் கேட்டால், கார் கம்பெனிகள் செய்த பெரிய முட்டாள்தனம் இதுதான்!

ஷெட்டுக் கதவை மூடிவிட்டு எஞ்சினை ஓடவிடாதீர்கள்! கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனை இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்! குறுகலான ஷெட்டில் அது சேர நிமிடங்களே போதும்!

ஷெட்டில் கார் நிறுத்தித்தான் ஆக வேண்டுமா என்ன! பாலோ ஆல்டோவில் 12 அடிக்கு 18 அடி கராஜ் ஒன்றில், 1939-இல், 538 டாலர் முதலோடு பிறந்ததுதான் ஹெவ்லெட் பேக்கார்டு கம்பெனி!

இனி வருவது குட்டிக் கார்களின் கூத்து! பிஎம்டபிள்யூ இசெட்டாவுக்கு ஒரே கதவு. அதுவும் மூக்கில்! முகத்தைச் சுவரில் ஒட்டி நிறுத்தினால் இறங்க வழியே இல்லை. பிறகு? கூரையில் துணி மூடி இருக்கிறது, அதைத் திறந்து ஏறிக் குதிக்கலாம்!

ட்சுண்டாப் யானுஸ் இதற்கும் மேல். முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு! பின் சீட்டுக்காரர் போன வழியைப் பார்த்தபடியே போவார். செய்தது 6,902 மட்டும்!

மெஸ்ஸர்ஷ்மிட் கே.ஆர். 200-க்கு ரிவர்ஸ் கியர் என்று தனியாக எதுவும் இல்லை. எஞ்சினை அணைத்து எதிர்த் திசையில் சுழல வைத்தால் பின்னால் ஓடும். முன்னால் எத்தனை கியரோ பின்னாலும் அத்தனை. ரிவர்ஸில் 4 கியர்!

பீல் பி 50? அதற்கு ரிவர்ஸே கிடையாது! 137 செ.மீ. நீளம், 99 செ.மீ. அகலம், எடை 56 கிலோ. பின்பக்கம் ஒரு கைப்பிடி இருக்கும். இறங்கி, அதைப் பிடித்துத் தூக்கி, திருப்பி, ஷெட்டுக்குள் இழுத்துப் போகலாம்! எட்டடி ஷெட்டில் இரண்டு கார் பக்கம் பக்கமாக நிற்கும், நடுவில் நீங்கள் நடக்கவும் இடமிருக்கும்! 1960-களில் புது வண்டி விலை 199 பவுண்டு. 2016-இல் ஒன்று ஏலத்துக்கு வந்தது. போன விலை 1,76,000 டாலர்!