கலங்காத நீரின் சாட்சி

பனிக்காலக் காலைகளில் அடையாற்றின் முகத்துவாரத்தில் கேமராவோடு காத்திருப்போரைக் காணலாம். அவர்களில் பலரும் ஒரே படத்தில் இரண்டு நாரைகளைத் தேடுகிறார்கள்: நீரில் நிற்பது ஒன்று, அதன் காலடியில் தலைகீழாகத் தெரிவது மற்றொன்று. பறவைக்குத் தொல்லை தராமல் எடுத்த படமா என்பதைப் பெரும்பாலும் அந்த இரண்டாவது நாரையே சொல்லிவிடும்.

நீர் கண்ணாடியாவது பார்வைக் கோணத்தைப் பொறுத்தது. செங்குத்தாகக் கீழே நோக்கினால், விழும் ஒளியில் ஏறக்குறைய 2 விழுக்காட்டையே நீர்ப்பரப்பு திருப்பி அனுப்பும். பார்வைக்கோடு நீர்ப்பரப்புடன் 10 பாகை அளவுக்குச் சாயும்போது அது மூன்றில் ஒரு பங்காக உயர்கிறது. பாலத்தின் மேலிருந்து எடுத்த படத்தில் மங்கும் பிம்பம், கரையில் படுத்தபடி எடுத்த படத்தில் துலங்குவது இதனால்தான். பளபளப்பை நீக்கும் போலரைசர் வடிகட்டி இங்கே உதவாது. பளபளப்போடு பிம்பத்தையும் அது மங்கச் செய்துவிடும்.

அடுத்த தேவை அசையாத நீர். சென்னையில் கடற்காற்று வலுப்பெறுவதற்கு முந்தைய காலைப் பொழுதே இதற்கு ஏற்றது. பிரம்மஞான சபையின் தோட்டத்தை ஒட்டிச் செல்லும் அடையாற்றில், கடலின் ஏற்றவற்றமும் முகத்துவார மணல்திட்டும் நீர்மட்டத்தை மாற்றுகின்றன. நீர் வடியும்போது வெளிப்படும் சேற்றில் உள்ளான்கள் இரை தேடும். எஞ்சும் ஆழமற்ற குட்டைகளே நல்ல கண்ணாடிகள்.

காற்று ஓய்ந்த பின்னும் பிம்பத்தைக் கலைக்கக்கூடியது பறவையின் பதற்றம். மனிதர் நெருங்குவதை உணர்ந்த பறவை முதலில் இரை கொத்துவதை நிறுத்தும், கழுத்தை நிமிர்த்தும், பிறகு ஓரடி நகரும். அந்த ஓரடியிலேயே நீர் கலங்கிப் பிம்பம் உடைந்துவிடுகிறது. அதையும் மீறி நெருங்கினால் கூட்டமே எழுந்து பறக்கும். சிலருக்கு அதுவும் ஒரு படம். ஆர்க்டிக் பகுதியிலிருந்து வலசை வரும் கொசு உள்ளான் போன்ற சிறு பறவைகளோ, திரும்பும் பயணத்துக்கான கொழுப்பை இங்கே இரையுண்டுதான் சேர்க்கத் தொடங்குகின்றன. வீணாகப் பறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பு கரைகிறது.

பறவைகளின் கூட்டையும் முட்டையையும் குலைப்பதை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே வரையறுக்கிறது. இரை தேடும் பறவைக்கோ, பெரும்பாலும் கேமரா வைத்திருப்பவரின் பொறுமையே காவல். மயிலாப்பூரில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), நொடிக்குப் பல படங்கள் எடுக்கும் வசதியில்லாத காலத்தில் கறுப்பு-வெள்ளையில் காட்டுயிர்களைப் பதிவுசெய்தவர். அந்தப் பொறுமைக்கு இந்த நகரத்திலேயே முன்னோடி உண்டு.

பொறுமை இருந்தாலும் நீரும் இருக்க வேண்டும். 2022இல் ராம்சர் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், அதற்குள்ளாகவே தன் பழைய பரப்பில் பெரும்பகுதியைக் குப்பைக்கிடங்குக்கும் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் இழந்துவிட்டது. ஆகாயத்தாமரை மூடிய நீர்நிலையில் பிம்பமும் விழாது. நீந்தி இரை தேடும் வாத்துகளுக்கும் இடமிருக்காது.

புகைப்படப் போட்டிகளின் நடுவர்களும், சமூக ஊடகங்களில் விருப்பக் குறி இடும் நாமும், பறவை எவ்வளவு அருகில் தெரிகிறது என்பதோடு அதன் காலடி நீர் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதையும் பார்க்கப் பழகலாம். அந்தப் பழக்கம் பரவினால், கரையில் இருப்பவர்கள் இன்னும் பத்தடி பின்னால் அமர்ந்து காத்திருப்பார்கள்.