கடை உங்களுது... போர்டு யாருது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினா ராஜபாளையம் வர்றதுக்குள்ள ஒரு குட்டித் தூக்கம்கூட போட முடியாது. அந்தக் கொஞ்ச நேரத்துல ஃபைனல் இயர் பசங்க ஒரு பிசினஸையே ஆரம்பிச்சு முடிச்சிடுவாங்க. "கேம்பஸ்ல வேலை கிடைக்கலைன்னா என்ன மாப்ள? ஒரு பர்கர் கடைக்கு ஃபிரான்சைஸ் எடுத்துருவோம். பெரிய பேரு, கூட்டம் தானா வரும். நாம கல்லாவுல உக்காந்தா போதும்!"

ஐடியா தப்பில்ல பாஸ். ஆனா அப்பாவோட பி.எஃப். பணத்துலயும் அம்மாவோட நகையிலயும் கை வைக்கிறதுக்கு முன்னாடி, டெல்லியில நடந்த ஒரு சண்டையைத் தெரிஞ்சுக்கங்க.

பாதிக்குப் பாதி பார்ட்னர்!

மெக்டொனால்ட்ஸ் இந்தியாவுக்கு வந்தப்போ, வட இந்தியாவுல அது கைகோத்தது விக்ரம் பக்‌ஷி என்பவரோட. 1995ல் ஆளுக்கு 50 சதவீதம்னு கனாட் பிளாசா ரெஸ்டாரன்ட்ஸ் கம்பெனி உருவாச்சு. 1996 அக்டோபரில் டெல்லி வசந்த் விஹாரில் கடை திறந்தாங்க. வரிசையில நின்னு வாங்கித் தின்னது டெல்லி. வடக்கிலும் கிழக்கிலும் கடைகள் பெருகின.

2013 ஆகஸ்டில் உறவு முறிஞ்சுது. பக்‌ஷியை மறுபடியும் மேனேஜிங் டைரக்டரா தேர்ந்தெடுக்க மெக்டொனால்ட்ஸ் சம்மதிக்கல. அவர் கம்பெனி லா போர்டுக்குப் போனார். அவங்க லண்டன் நடுவர் மன்றத்துக்குப் போனாங்க. 2017 ஜூன் கடைசியில், லைசென்ஸ் புதுப்பிக்கலைன்னு டெல்லியில இருந்த 55 கடைகளில் 43 மூடப்பட்டன. ஜூலையில் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் பக்‌ஷிக்குப் பதவியைத் திருப்பிக் கொடுத்தது. ஜெயிச்சுட்டார்னு நினைக்கிறீங்களா? அடுத்த மாசமே, ராயல்டி பாக்கி, விதிமீறல்னு சொல்லி 169 கடைகளுக்கான ஒப்பந்தத்தையே மெக்டொனால்ட்ஸ் ரத்து பண்ணிடுச்சு!

பதவி இருக்கு, கடை இருக்கு, அடுப்பு இருக்கு. பேரை மட்டும் வைக்கக் கூடாது! பக்‌ஷி விடாம கடையை நடத்தினார். டிசம்பரில், பன், சீஸ்னு சரக்கு கொண்டு வந்து கொடுத்த கம்பெனி சப்ளையை நிறுத்த, பல கடைகளுக்குப் பூட்டு விழுந்தது. கவுன்டர்ல தொப்பி மாட்டி நின்னதெல்லாம் கிட்டத்தட்ட உங்க வயசுப் பசங்க. கடைசியில 2019 மே மாசம் சமரசம். பக்‌ஷியோட பங்கை மெக்டொனால்ட்ஸே வாங்கிக்கிட்டது.

பாதிப் பங்கு வெச்சிருந்தவருக்கே இந்தக் கதின்னா, ஒரே ஒரு கடைக்கு ஆசைப்படுற நமக்கு?

ஒரு குட்டிக் கணக்கு

இந்த மாதிரி சண்டைக்கெல்லாம் ஆணிவேர் ஒண்ணு உண்டு. கம்பெனிக்கு ராயல்டி உங்க லாபத்துல இல்ல, விற்பனையில! அமெரிக்காவுல சப்வே கடைக்காரர் விற்பனையில 8 சதவீதம் ராயல்டி, 4.5 சதவீதம் விளம்பரப் பங்கு கட்டுவார். மொத்தம் 12.5. அதே ரேட்டை வெச்சு, ராஜபாளையத்துல ஒரு கற்பனைக் கடை போட்டுப் பார்ப்போமா?

மாச விற்பனை 3 லட்சம். சரக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் சேர்த்து இன்னொரு 1 லட்சத்து 20 ஆயிரம். கம்பெனிக்கு 37,500. உங்க கைக்கு 22,500.

இப்போ கம்பெனி ஒரு தள்ளுபடி ஆஃபர் அறிவிக்குது. கூட்டம் அள்ளுது. விற்பனை 3 லட்சத்து 60 ஆயிரம். ஆனா மலிவா வித்ததால சரக்குக்கு மட்டும் 1 லட்சத்து 80 ஆயிரம். கம்பெனிக்கு 45,000. உங்களுக்கு? வெறும் 15,000. அவங்களுக்கு 7,500 ஏறுது, உங்களுக்கு அதே 7,500 இறங்குது. பேங்க் கடன் தவணையை இதுல இருந்துதான் கட்டணும்!

இது கற்பனை பயம் இல்ல. 2017 கடைசியில, ஒரு அடி நீள சாண்ட்விச்சை 4.99 டாலருக்குக் கொடுக்கணும்னு சப்வே சொன்னப்போ, நூத்துக்கணக்கான கடைக்காரங்க 'எங்களுக்குக் கட்டுப்படி ஆகாது'ன்னு கையெழுத்துப் போட்டு எதிர்த்தாங்க.

கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கு. ஒரு கடையில கெட்டுப்போன சிக்கன் கொடுத்தா, பேர் கெடுறது அத்தனை கடைக்கும்தானே? அதனாலதான் எண்ணெய்ல இருந்து டிஷ்யூ பேப்பர் வரைக்கும் ரூல் போடுறாங்க. அந்த ரூலுக்கான செலவு யார் தலையில விழுதுங்கிறதுலதான் தகராறு.

நம்ம ஊரு பேரு!

மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாங்க. பஸ் நின்னதும் ஜன்னலோரம் வர்ற பால்கோவா, அதுவும் ஒரு பிராண்ட்தான். 2019ல் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. அந்தப் பேர் எந்தத் தனி முதலாளிக்கும் சொந்தமில்ல. ஊருக்குச் சொந்தம். விதிப்படி அந்தப் பகுதியில பால்கோவா கிண்டுறவங்க பதிவு பண்ணிக்கிட்டு அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தலாம். 'இந்த மாசம் பாதி விலைக்குக் கொடு'ன்னு சிகாகோவுல இருந்து யாரும் மெயில் அனுப்ப முடியாது.

ஆனா சொகுசும் கிடையாது. ரெசிப்பி, மெஷின், ட்ரெயினிங், டி.வி. விளம்பரம் எதுவும் ரெடிமேடா வராது. பால் திரிஞ்சா உங்க நஷ்டம், ருசி நின்னா உங்க பேரு. ஃபிரான்சைஸ்ல காசு கொடுத்து பேரை வாடகைக்கு எடுக்குறீங்க. சொந்தக் கடையில வருஷக்கணக்கா உழைச்சு பேரை சம்பாதிக்கிறீங்க. எது வேணும்கிறதை யோசிச்சு முடிவு பண்ணுங்க.

கையெழுத்துக்கு முன்னாடி...

* இந்தியாவுல ஃபிரான்சைஸுக்குன்னு தனிச் சட்டம் கிடையாது. 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 1999ம் வருஷத்து டிரேட் மார்க் சட்டம் மாதிரி பொதுச் சட்டங்கள்தான் துணை. அதனால அக்ரிமென்ட்ல இருக்கிற ஒவ்வொரு வரியும் முக்கியம். ஒரு வக்கீலைக் கூட வெச்சுப் படிங்க.

* முதல் பக்கத்தை அப்புறம் பார்க்கலாம். ஒப்பந்தம் எப்படி முடியும்கிற பக்கத்தை முதல்ல படிங்க. பாதியில ரத்தானா டெபாசிட் என்னாகும்? மெஷினை யார் எடுத்துக்குவாங்க? அதே இடத்துல வேற கடை போடலாமா?

* பக்கத்துத் தெருவுலயே இன்னொருத்தருக்கும் கடை கொடுப்பாங்களா? கேளுங்க. 'மாட்டோம்'னு வாயால சொன்னா போதாது, எழுத்துல வேணும்.

* சரக்கை அவங்ககிட்ட மட்டும்தான் வாங்கணுமா? விலையை ஏத்தினா நீங்க என்ன செய்ய முடியும்?

* அமெரிக்காவுல, கையெழுத்துக்குக் குறைஞ்சது 14 நாளுக்கு முன்னாடியே எல்லா விவரத்தையும் கொடுத்தாகணும். அதுல சமீபத்துல கடையை விட்டு விலகினவங்க பட்டியலும் இருக்கும். இங்கே யாரும் கொடுக்க மாட்டாங்க. நீங்களே தேடிப் போங்க. ஜெயிச்சவரைக் கம்பெனியே அறிமுகப்படுத்தும். மூடிட்டுப் போனவரோட ஒரு டீ குடிங்க. அந்த அரை மணி நேரம் ஒரு எம்.பி.ஏ. கிளாஸுக்குச் சமம்!

அடுத்த தடவை அந்த பஸ்ல உங்க ஃப்ரெண்ட் 'ஃபிரான்சைஸ்'னு ஆரம்பிச்சா, சிரிச்சுக்கிட்டே ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "மாப்ள, அவங்க போர்டைக் கழட்டிட்டுப் போயிட்டா, உன் கடையில மிச்சம் என்னடா இருக்கும்?"

பதில் இருந்தா தைரியமா கையெழுத்துப் போடச் சொல்லுங்க. திறப்பு விழாவுக்கு நீங்கதான் சீஃப் கெஸ்ட்!