தோல் படியும் சில நொடிகள்

அம்மோனியா தொழிற்சாலைகளில் கழித்து வெளியேற்றும் வாயுவில் ஹைட்ரஜன் கணிசமாக மிச்சமிருக்கும். அதை மீட்க உதவுபவை, எஃகுக் குழாய்க்குள் கட்டுக்கட்டாக அடைத்த பாலிசல்ஃபோன் இழைகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்தது; நடுவே உள்ளீடற்றது. ஹைட்ரஜன் இழையின் சுவரில் கரைந்து, ஊடுருவி, மறுபக்கம் வந்துவிடும். நைட்ரஜன் பெரும்பாலும் பின்தங்கிவிடும்.

பிரிக்கும் வேலையைச் செய்வது அந்தச் சுவரின் மேல்தோல் மட்டுமே. அதன் தடிமன் ஒரு மைக்ரானில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் அதைத் தாங்கும் துளைப்பகுதி. இந்த அமைப்பை 1960 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும் செல்லுலோஸ் அசிடேட்டில் உருவாக்கினார்கள். கடல்நீரைக் குடிநீராக்கத்தான் முனைந்தார்கள். வாயுப் பிரிப்புக்கும் அதுவே வழி திறந்தது.

செய்முறை கேட்க எளிது. பாலிமர் கரைசலை மெல்லிய படலமாகப் பரப்பி, சிறிது நேரம் காற்றில் விட்டு, தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். காற்றில் இருக்கும்போது மேற்பரப்பின் கரைப்பான் ஆவியாகி, காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல் தோல் படிகிறது. தண்ணீருக்குள் கரைப்பான் வெளியேற, தண்ணீர் உள்ளே புக, அடியிலுள்ள பாலிமர் துளைத்துளையாக வெளுத்து உறைகிறது.

பக்குவம் இங்கேதான். காற்றில் அதிக நேரம் விட்டால் தோல் தடித்து, வாயு மெதுவாகவே கடக்கும். அவசரப்பட்டால் தோலில் நுண்துளை விழும். கரைசல் நீர்த்திருந்தால் விரல் வடிவப் பள்ளங்கள் உண்டாகி, அழுத்தத்தில் படலம் கிழியலாம். உலர்த்துவதிலும் கவனம் வேண்டும்: செல்லுலோஸ் அசிடேட்டை ஈரத்தோடு அப்படியே காயவிட்டால், தண்ணீரின் பரப்பு இழுவிசை துளைகளைச் சுருக்கி மூடிவிடும். அதனால் தண்ணீரை முதலில் ஆல்கஹாலாலும் பிறகு ஹெக்சேனாலும் மாற்றிவிட்டே உலர்த்துகிறார்கள்.

துளை விழுந்தால் என்ன ஆகும்? குறையற்ற பாலிசல்ஃபோன், நைட்ரஜனைவிட ஐந்தாறு மடங்கு வேகமாக ஆக்சிஜனை விடும். நுண்துளை வழியாகவோ, எடை குறைந்த நைட்ரஜன்தான் சற்று முந்தும். பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு துளையானாலே பிரிப்புத்திறன் பெரிதும் சரிந்துவிடும். ஆய்வகத்தில் நன்றாக வந்த படலம் ஆலை அளவில் கைவிட்டதற்கு இதுவே முக்கியக் காரணம்.

மான்சான்டோ நிறுவனத்தின் ஜே ஹெனிஸும் மேரி டிரிப்போடியும் தோலின் மேல் சிலிக்கோன் ரப்பரைப் பூசினார்கள். சிலிக்கோன் வாயுக்களைச் சரியாகப் பிரிக்காது. ஆனால் ஓட்டைகளை அடைத்துவிடும், வாயுவின் ஓட்டத்தையும் அதிகம் தடுக்காது. அப்படிப் பூசிய இழைகள்தான் 1980ஐ ஒட்டி ‘பிரிசம்’ என்ற பெயரில் ஹைட்ரஜன் மீட்க ஆலைகளுக்குள் நுழைந்தன.