இஞ்சினுக்கும் ஒரு மெத்தை

மதுரையிலிருந்து கன்னியாகுமரி செல்லும் நெடுஞ்சாலையில், திருமங்கலத்தை எட்டுவதற்குச் சற்று முன்பாகக் கப்பலூர் வருகிறது. அங்குள்ள சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம், இஞ்சின் ஓடியபடியே நிற்கும் கார்களைக் கவனித்துப் பாருங்கள். சில கார்களில் இருக்கையும் ஸ்டியரிங்கும் கிடுகிடுவென நடுங்கும். வேறு சிலவற்றில் இஞ்சின் ஓடுவதே தெரியாது. ஏன் இந்த வேறுபாடு?

நான்கு சிலிண்டர் இஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கிராங்க் தண்டு ஒருமுறை சுழல்வதற்குள் எரிபொருள் இருமுறை எரிந்து பிஸ்டன்களை உதைக்கிறது. நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் 1,600 உதைகள். அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 27! போதாக்குறைக்கு, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, தண்டு ஒரு பக்கம் சுழல, இஞ்சின் உடல் எதிர்ப்பக்கம் திமிறுகிறது.

இஞ்சினை நேரே சட்டத்தில் முடுக்கினால் இத்தனை அதிர்வும் நம் உடம்புக்கு வரும். ஆகவே இரு உலோகத் தகடுகளுக்கு நடுவே ரப்பரை ஒட்டி, அதன்மேல் இஞ்சினை அமர்த்துகிறார்கள். இதுவே 'இஞ்சின் மவுண்டிங்'. 1931இல் அமெரிக்காவின் பிளைமவுத் கார் இம்முறையால் புகழ் பெற்றது. ரப்பர் வளைந்து கொடுத்து, அதிர்வின் ஒரு பகுதியை வெப்பமாக மாற்றிவிடுகிறது. 1839இல் சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்து சூடாக்கினால் ரப்பர் உறுதிப்படும் என்று கண்டறிந்திராவிட்டால் இது நடந்திருக்குமா?

ஆனால் ரப்பருக்கும் முதுமை உண்டு. இஞ்சின் வெப்பமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அதை இறுகச் செய்து வெடிக்க வைக்கின்றன. கசியும் எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதி வலுவிழக்கும். நடுக்கமும், கியர் மாற்றும்போது கேட்கும் 'டக்' என்ற ஓசையும் இதன் அறிகுறிகள். அப்படியே விட்டால் புகைக்குழாயும் ரப்பர் குழாய்களும் இழுபட்டுச் சேதமடையும்.

இதை வீட்டிலேயே மாற்றலாமா? அனுபவமுள்ள பெரியவர் துணையோடு மட்டுமே! சமதரையில் காரை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு அணை கொடுக்க வேண்டும். இஞ்சின் நன்றாக ஆறிய பின், பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்ற வேண்டும். காருக்குரிய கையேடு காட்டும் இடத்தில், ஜாக்கியின்மேல் பலகை வைத்து இஞ்சினைத் தாங்கிக்கொள்ள வேண்டும். பலகை எதற்கு? எடை பரவினால் அழுத்தம் குறையும். எண்ணெய்த் தொட்டி நசுங்காது. ஜாக்கி இஞ்சின் பாரத்தை ஏற்றுக்கொண்ட பிறகே போல்ட்டுகளைக் கழற்றலாம். ஒரு நேரத்தில் ஒரு மவுண்டிங் மட்டுமே! புதியதைப் பொருத்தி, போல்ட்டுகளை முதலில் கையால் திருகி, இஞ்சினை மெல்ல இறக்கி, பாரம் அமர்ந்த பின்பே கையேட்டில் குறித்த அளவுக்கு முறுக்க வேண்டும். முன்னதாகவே இறுக்கிவிட்டால் ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்று விரைவில் கிழியும்.

ஒன்றை மறவாதீர்கள்: ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே; மனிதரைக் காப்பதற்கு அன்று. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். அதற்கென உள்ள உறுதியான தாங்கிகள் வேண்டும்.

இன்று வீட்டு மிக்ஸியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ரப்பர் கால்கள் இருக்கின்றனவா? அவை ஏன் என்று இனி நீங்களே சொல்லிவிடுவீர்கள் அல்லவா!