முழங்கை வலிக்கு அவசர ஊசி வேண்டாம்

துணி பிழியும்போது முழங்கையின் வெளிப்பக்கம் சுரீர் என்கிறது. தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினால் பிடி நழுவுகிறது. வாயுப் பிடிப்பு என்று பத்து நாள் தைலம் தேய்த்து ஓட்டுகிறோம். அடுத்து மெடிக்கல் ஷாப்பில் 'செட்' மாத்திரை, அதற்கும் அடங்காவிட்டால் ஊசி. சில மாதத்தில் ஆறவேண்டிய வலி வருடக்கணக்கில் நீள்வது பெரும்பாலும் இந்த வரிசையில் போவதால்தான்.

டாக்டர்கள் இதை டென்னிஸ் எல்போ என்பார்கள். ஆனால் ராக்கெட்டைத் தொட்டே பார்க்காதவர்களுக்குத்தான் இது மிகுதியாக வருகிறது: பரோட்டா மாஸ்டர், கொத்தனார், பெயிண்டர், பனியன் கம்பெனியில் நாள் முழுக்கக் கத்தரிக்கோல் பிடிக்கும் பெண்கள், வீட்டில் துவைத்துப் பிழிபவர்கள், விடாமல் மவுஸ் பிடிப்பவர்கள். 35 முதல் 55 வயதுக்குள் அதிகம். மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள் முழங்கையின் வெளி எலும்பில் வந்து சேர்கின்றன. எதை இறுக்கிப் பிடித்தாலும் அந்தச் சின்ன இடம் இழுபடும். ஆறுவதற்கு நேரம் தராமல் இழுத்துக்கொண்டே இருந்தால், பழங்கயிறுபோல் தசைநாணின் இழைகள் நைந்துவிடும்.

நைந்த இழையை வலி மாத்திரை சரிசெய்யாது. சில நாள் வலியை மறைக்கும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். கடையில் பிரித்துக் கொடுக்கும் 'செட்'டில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்பதுகூட வாங்குபவருக்குத் தெரியாது. ஸ்டீராய்டு, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள்.

ஊசி விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முழங்கையில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாளில் வலி பறந்துவிடும், மறுவாரமே வேலைக்குப் போகலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 165 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் வலி திரும்பியது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் திரும்பியது. 'இந்த ஊசியில் என்ன இருக்கிறது, ஒரு வருடம் கழித்து என் கை எப்படி இருக்கும்?' என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது நோயாளியின் உரிமை, பதில் சொல்வது அவர் கடமை.

அப்படியானால் எது குணமாக்கும்? சுமையைக் குறைப்பதும், பொறுமையான பயிற்சியும். பொருளை உள்ளங்கை மேலே பார்க்கும்படி, இரண்டு கையாலும், உடம்பை ஒட்டித் தூக்குங்கள். துணியை முறுக்கிப் பிழியாமல் கொடியில் போட்டு நீர் வடியவிடலாம். பயிற்சிக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கும்படி பாட்டிலைப் பிடியுங்கள். மற்றக் கையால் அதை மேலே தூக்கிவிட்டு, வலிக்கிற கையால் ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறக்குங்கள். பத்துப் பதினைந்து முறை, இடையில் ஓய்வு விட்டு மூன்று சுற்று, தினமும். லேசான வலி இருந்தால் பரவாயில்லை, மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுக்குள் அறுவைச் சிகிச்சை இல்லாமலே குணமாகிவிடும். வலிக்கும் முனையை அழுத்தி உருவிவிடுவது வேண்டாம்.

எல்லாக் கைவலியும் இதுவல்ல. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கலாம். கழுத்திலிருந்து வலி இறங்கினாலும், மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்த கைவலி என்றால் 108ஐ அழையுங்கள்.

ஓய்வெடு என்றால் கூலிக்கு எங்கே போவது என்பீர்கள். நியாயமான கேள்வி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனியில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவருக்கு ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு உண்டு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், டாக்டர் சான்றோடு எடுக்கும் நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். இதைத் தானமாக யாரும் தருவதில்லை. உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். சிகிச்சைக்குப் போகும்போது என்ன வேலை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் இந்த முழங்கை வலியும் இருக்கிறது. ஓய்வு இடைவேளையும் வேலை மாற்றிக் கொடுப்பதும் கேட்கும் சங்கங்கள் அதைக் கையில் எடுக்க வேண்டும்.

வீட்டில் தைப்பவருக்கும் கம்பெனி சாராத தினக்கூலிக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்களுக்கு அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. கம்பெனியில் வேலை என்றால் சம்பளச் சீட்டை எடுத்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிடித்தம் இருந்தால், வலி முற்றும்வரை காத்திராமல் இந்த வாரமே ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போங்கள்.