வயிற்றில் பிள்ளை, மனத்தில் பயமா?

தாய்மை அடைந்திருக்கும் சகோதரிகளே! கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஓர் அரசாங்கக் கிளினிக்கில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தாகிவிட்டது. மிஸ்ஸி உங்களை மட்டும் தனியறைக்கு அழைக்கிறார். "எச்.ஐ.வி. கிருமி இருக்கும்போல் தெரிகிறது. உறுதி செய்ய இன்னொரு முறை பார்க்க வேண்டும்" என்கிறார். அந்த நொடியில் மனம் என்ன பாடுபடும்! பிள்ளை பிழைக்குமா? கணவரிடம் எப்படிச் சொல்வது? மாமியாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

'இதெல்லாம் நமக்கு வராது' என்று ஒதுக்கிவிடாதீர்கள். கணவர் ஒருவரையே அறிந்த பெண்ணுக்கும் இக்கிருமி தொற்றுவதுண்டு. ஆகவேதான் 1998ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு அரசாங்கக் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு இப்பரிசோதனை செய்யப்படுகிறது. யாரையும் சந்தேகித்துச் செய்வதன்று.

சிகிச்சையே இல்லையென்றால், இக்கிருமியுள்ள 100 தாய்மாரில் 15 முதல் 45 பேரின் பிள்ளைகளுக்கு அது தொற்றக்கூடும். முறையாக மருந்து உண்டால் அந்த எண்ணிக்கை 5க்கும் கீழே இறங்கிவிடும். தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸ் நோயும் பரவுவதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்த நாடு என்று, 2018 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று வழங்கியது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இச்சிறப்பைப் பெற்ற முதல் நாடு நம்முடையதே. அந்தப் பெருமை, தவறாமல் கிளினிக்குக்குச் சென்று மருந்துண்ட தாய்மாருக்கும் உரியதன்றோ?

மருந்து கிருமியை அடக்கும். மனக்கலக்கத்தை யார் அடக்குவது? பயந்த மனம் மாத்திரையை ஒளித்து வைக்கும். ஒளித்து வைத்த மாத்திரை வேளை தவறும். கிளினிக் தேதியும் தவறும். தாயின் கவலை பிள்ளையைத் தொடுவது இப்படித்தான்.

பிள்ளை பிறந்த பின் இன்னொரு சோதனை வரும். இத்தாய்மாருக்கு நம் அரசாங்கக் கிளினிக்குகள் தாய்ப்பாலுக்குப் பதிலாக மாவுப்பாலைப் பரிந்துரைத்து, அதை இலவசமாகவும் கொடுத்து வந்துள்ளன. "ஏன் பால் கொடுக்கவில்லை?" என்று அண்டை வீட்டார் கேட்கத்தான் செய்வார்கள். "டாக்டர் சொன்னபடி செய்கிறேன்" என்ற ஒரு வார்த்தை போதும். அதற்கு மேல் விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

கணவன்மாரே, நீங்களும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாமியார்மாரே, ஒரே தட்டில் உண்பதாலோ, கட்டியணைப்பதாலோ, கொசு கடிப்பதாலோ இக்கிருமி தொற்றாது. மருமகளுக்குத் தனித்தட்டு வைப்பது அவள் மனத்தைத்தான் கொல்லும்.

சகோதரிகளே, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, பசியில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் மிஸ்ஸியிடம் வாய்திறந்து சொல்லுங்கள். உடம்புக்கு மருந்து இருப்பதுபோல் மனத்துக்கும் சிகிச்சை உண்டு. வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால், கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் சங்கத்தை 03-7627 2929 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

உங்கள் பக்கத்து வீட்டில் புதிதாகக் கருவுற்ற பெண் இருக்கிறாளா? நாள் தள்ளிப்போடாமல் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். தனியே போகத் தயங்கினால் நீங்களும் உடன் செல்லுங்கள். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.