பாம்பு எண்ண வந்த வெளிநாட்டுக்காரர்

சவுத் கென்சிங்ரனில் இருக்கும் இயற்கை வரலாற்று நூதனசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் எங்களில் பலர், டைனசோரைப் பார்த்த கையோடு திரும்பிவிடுகிறோம். அங்கே விலங்கியல் பகுதிக்கு ஒருகாலத்தில் பொறுப்பாக இருந்தவர் ஒரு வெளிநாட்டுக்காரர் என்பது எங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது.

அவர் பெயர் அல்பேர்ட் குந்தர். 1830இல் ஜேர்மனியில் பிறந்தவர். முதலில் படித்தது பாதிரியாராவதற்கு. மனமோ மீனிலும் பாம்பிலும். எங்களைப்போல் உயிரைக் காப்பாற்ற ஓடிவந்தவர் அல்லர். பல்கலைக்கழகப் படிப்போடு வந்தவர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

1857இல் லண்டனுக்கு வந்த அவருக்குப் பிரிட்டிஷ் நூதனசாலையில் கிடைத்த வேலை, மதுசாரத்தில் ஊறிக் கிடந்த ஏறக்குறைய 2,000 பாம்புகளை இனம் பிரித்துப் பட்டியல் எழுதுவது. நிரந்தர வேலை 1862இல்தான் கிடைத்தது. ஒரு போத்தலை எடுத்து, செதில்களை எண்ணி, பல்லைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்த போத்தல். பெல்ட்டுக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கும் எங்களுக்கு அந்த அலுப்பு விளங்கும். ஆனால் அவருடைய கண் அதில்தான் பழகியது. 1861இல் எங்கள் நாட்டு மலைக்காட்டில் வாழும், மூக்கில் இலைபோன்ற கொம்புள்ள ஓணானை உலகுக்கு விவரித்தவரும் அவர்தான்.

நியூசிலாந்தில் துவாட்டாரா என்றொரு பிராணி உண்டு. பார்த்தால் ஓணான்தான். குந்தரின் மேலதிகாரி ஜோன் எட்வேர்ட் கிரே, 1831இல் அதை ஓணான் குடும்பத்திலேயே சேர்த்திருந்தார். குந்தர் அதன் மண்டையோட்டையும் பல்லையும் எலும்பையும் ஆராய்ந்து, இது பல்லியும் அல்ல, ஓணானும் அல்ல, தனி வரிசை என்று 1867இல் எழுதினார். அந்த வரிசையில் இன்றைக்கு உயிரோடிருப்பது துவாட்டாரா மட்டுமே. மற்றவையெல்லாம் எப்போதோ அழிந்துபோயின. சுப்பவைசரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல நாங்கள் எத்தனை தரம் யோசிக்கிறோம்!

குந்தர் 1874இல் பிரசாவுரிமை எடுத்தார். 1875இல் கிரேயின் பதவி அவருக்கே வந்தது, 1895வரை இருந்தார். தெற்குக் கென்சிங்ரனில் புதிய கட்டிடம் 1881இல் திறந்தபோது, மதுசாரப் போத்தல்கள் தீப்பிடித்துவிடும் என்று அவற்றுக்குப் பின்புறம் தனிக் கட்டிடம் ஒதுக்கப்பட்டது. இன்று அங்கே பாதுகாக்கப்படும் மதுசார மாதிரிகள் இரண்டு கோடிக்கும் மேல்.

2001 டிசம்பர் முதல் நுழைவுக் கட்டணம் இல்லை. சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் காசு கேட்பார்கள்.